கை நனைக்கும் முன்

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. கிடைத்தது என்றுகூடச் சொல்லக்கூடாது, தூக்கத்தில் காதில் விழுந்தது. தருமபுரியிலிருந்து அரூர் போகும் வண்டி, மே மாத மத்தியானம், சன்னலோர சீட்டு. இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தால் எனக்குக் கண் செருகிவிடும். மொரப்பூர் வருவதற்குள் பாதி உலகம் கரைந்துபோயிருந்தது. அப்போது முன் சீட்டில் ஒரு பெண் சொன்னாள்:

"கை நனைச்சிட்டேங்க டீச்சர். அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வேணாங்கறது?"

பக்கத்தில் இருந்தவள் ஏதோ பதில் சொன்னாள். அந்தப் பதிலைப் பற்றிக் கடைசியில் பேசலாம். இப்போது எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. நான் தூங்கிவிட்டேன். அரூரில் கண்டக்டர் தோளைத் தட்டியபோது முன் சீட்டு காலி. ஒரு கறுப்புக் குடை மட்டும் கிடந்தது, கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றிய குடை. கண்டக்டரிடம் நீட்டினேன். "நீங்களே வெச்சிக்கிங்க சார், இதுக்கெல்லாம் யாரு தேடிக்கிட்டு வரப்போறாங்க" என்றார். அது இப்போது என் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

ஒரு வாக்கியம், ஒரு குடை. என் கையிருப்பு இவ்வளவுதான்.

* கை நனைப்பது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: எங்கள் பக்கம் சம்பந்தம் பேச ஒரு வீட்டுக்குப் போனால் தண்ணீர் குடிக்கலாம், காப்பி குடிக்கலாம், வெற்றிலை போடலாம். சாப்பாட்டுக்கு மட்டும் உட்காரக்கூடாது. சம்மதம் என்றால்தான் கை நனைப்பார்கள். கை கழுவி இலைமுன் உட்கார்ந்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதன்பிறகு வேண்டாம் என்பவரை ஊர் ஒரு மனிதராகவே சேர்க்காது.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"மாந்தோப்புகளின் பொன்மணம் கமழும் தகடூர் மண்ணில், வைகறையின் மெல்லிய…"

அடச்சீ. மத்தியானத்தில் நடக்கிற கதைக்கு வைகறை எதற்கு? அடித்தாயிற்று.

இரண்டாவது தொடக்கம்:

"சசிகலா வேலை மாறுவதென்று முடிவு செய்தாள்."

இது பரவாயில்லை என்று மேலே எழுதினேன். சசிகலா ஒரு கணக்கு டீச்சர். அரூரைத் தாண்டி மலை தெரிகிற இடத்தில் ஒரு பெரிய தனியார் பள்ளி. போனாள். தாளாளர் வாய் நிறையப் பேசினார், சாப்பிடச் சொன்னார், சாப்பிட்டாள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டார், கொடுத்தாள். அவர் அவற்றைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அவ்வளவுதான், ஒரே பக்கத்தில் கதை முடிந்துபோயிற்று. கதாநாயகி என்றால் ஆசையும் வேண்டும், சந்தேகமும் வேண்டும். சசிகலாவிடம் ஆசை மட்டும் இருந்தது. குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.

(கோடு போட்ட பக்கத்தைக் கிழிக்கவில்லை. இது ஞாபகம் இருக்கட்டும்.)

3

மறுபடி எழுத உட்கார்ந்தபோது தெரசா வந்தாள்.

இவள் பாப்பாரப்பட்டிப் பக்கம். எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிற ஒரு சின்னப் பள்ளியில் கணக்கு எடுக்கிறாள். வீட்டுக்காரர் ஒசூரில் கம்பெனி வேலை, வாரக் கடைசியில் வந்து துணி மூட்டையோடு திரும்புகிறவர். முதுகலைக் கணிதம் படித்தவள், வருடக்கணக்காகப் பின்னமும் பரப்பளவுமே நடத்திக்கொண்டிருக்கிறாள். ஒரு ஆசை வைத்திருந்தாள்: ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குத் தொகை நுண்கணிதம் நடத்த வேண்டும். இது ஒரு ஆசையா என்று சிரிக்காதீர்கள். விருந்து சமைக்கத் தெரிந்தவளைக் கஞ்சி மட்டும் காய்ச்சச் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும்.

அவளுக்கு அடிக்கடி ஒரு கனவு வரும். பெரிய கரும்பலகை. அதில் தொகையீட்டுக் குறியை, அந்த நீண்ட கொக்கியை, மேலிருந்து இழுக்கத் தொடங்குவாள். சுண்ணக்கட்டி தேயாது. கோடு பலகையைத் தாண்டிச் சுவருக்கு வரும், கதவைத் தாண்டி வெளியே போகும், அவளும் பின்னாலேயே போவாள். வெளியே மாமரங்கள், பிள்ளைகள், வெயில். கோட்டை எங்கே வளைத்து முடிப்பது என்று தெரியாமல் விழித்துக்கொள்வாள். விழித்த பிறகும் நெஞ்சு நிறைந்திருக்கும்.

ஒருநாள் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. 'மேல்நிலை வகுப்புகளுக்குக் கணித ஆசிரியை தேவை. அசல் சான்றிதழ்களுடன் நேரில் வரவும்.' அவள் அதைக் கூடவே வேலை பார்க்கும் நசீம் பானுவிடம் காட்டினாள். நசீம் பானு அறிவியல் டீச்சர், எதையும் இரண்டு முறை பார்க்கிறவள்.

"ஏம்ப்பா தெரசா, இதே ஸ்கூலு, இதே கட்டம் போட்ட வெளம்பரம், போன மே மாசமும் வந்துச்சே. அதுக்கு முந்தின வருசமும் பாத்த ஞாபகம். வருசா வருசம் அந்தக் கணக்கு டீச்சருங்க எங்கதான் போறாங்க?"

"பெரிய ஸ்கூலு. செக்சன் கூடியிருக்கும்."

"கூடியிருந்தா ரெண்டு பேரு கேக்கணும். இவங்க ஒருத்தரத்தான் கேக்கறாங்க. போ, வேணாங்கல. ஆனா ஒரே ஒரு கேள்விய மட்டும் கேட்டுடு. உனக்கு முன்னாடி அந்தக் கிளாஸ்ல இருந்தது யாரு, இப்ப எங்க இருக்காங்க?"

"கேக்கறேன்."

"அப்பறம் ஒரிஜினலு ஜாக்கிரத. கவர்மென்ட் எக்ஸாம் எழுதிட்டு உக்காந்திருக்க. எப்ப வேணா வெரிஃபிகேசனுக்குக் கூப்புடுவாங்க. அன்னைக்கு சர்ட்டிபிகேட் இன்னொருத்தர் பீரோல இருந்துச்சுன்னா அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான். தெரசாவுக்கு அது தெரியாமல் இல்லை. இத்தனை வருடம் படித்த படிப்பு முழுக்க அந்த நீல பிளாஸ்டிக் ஃபைலுக்குள் இருந்தது. ஆனால் கனவில் வந்த கரும்பலகை அந்தப் பள்ளியில் இருந்தது.

4

கொஞ்சம் கட்டுரை எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் மாடு வாங்கினால் சுழி பார்க்கிறோம், பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்க்கிறோம். பெண் கொடுக்கிற வீடென்றால் டீக்கடையில் விசாரிப்போம், எதிர்வீட்டில் விசாரிப்போம், மூத்த மருமகளின் முகத்தைப் பார்ப்போம். வேலைக்குப் போகும்போது மட்டும் தலைகீழ். அவர்கள் நம் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள், நாம் ஈ என்று காட்டிக்கொண்டு நிற்கிறோம். திருப்பி அவர்கள் வாயைத் திறக்கச் சொன்னால் திமிர் பிடித்தவள் என்கிறார்கள். இந்த அநியாயத்தை யாரும் ஏன் கேட்பதில்லை என்று எனக்குப் பலமுறை எரிச்சல் வந்திருக்கிறது.

ஆகவே தெரசாவுக்கு நான் ஒரு யோசனை கொடுத்தேன். (அவளுக்கே தோன்றியது என்றும் வைத்துக்கொள்ளலாம்.) மாப்பிள்ளை வீடு பார்ப்பதுபோலப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு வருவது. அதற்கு ஆள் சவுரியப்பன் மாமா, அவள் அம்மாவின் தம்பி. அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் போய்ப் பார்க்காமல் ஒரு சம்பந்தமும் முடிந்ததில்லை. கிணற்றடி, கொல்லைப்புறம், மாட்டுக்கொட்டகை எல்லாம் பார்ப்பார். முக்கியமாக நாயைப் பார்ப்பார். நாய் கொழுத்திருந்தால் அந்த வீட்டில் சோற்றுக்குப் பஞ்சமில்லை, குரைத்தபின் அடங்கினால் பேச்சுக்குக் கட்டுப்பட்ட குடும்பம் என்று கணக்கு வைத்திருந்தார்.

"பள்ளிக்கூடமா இருந்தா என்ன கண்ணு, வூடுதான? நான் பாத்துச் சொல்றேன்" என்றார் மாமா. அன்றைக்கே வெள்ளை வேட்டியைத் துவைக்கப் போட்டுவிட்டார்.

5

அரூர்ப் பேருந்தில் தெரசா சன்னலோரம். ஃபைல் மடியில். மாமா ஏறின கையோடு தூங்கிவிட்டார். வெளியே வெயிலில் ரோடு ஈரமாகத் தெரிந்தது. கிட்டே போனால் காய்ந்திருந்தது. மறுபடி தூரத்தில் ஈரம். அவளுக்கும் கண் சொருகியது. முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசுவது கேட்டது. ஒருத்தியின் குரல் தன் குரல் மாதிரியே இருக்கிறதே என்று நினைத்தாள், எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

(இதை நான் எழுதவில்லை என்று சத்தியம் செய்யத் தயார். காலையில் பார்த்தபோது என் கையெழுத்தில் இருந்தது.)

பள்ளி நிஜமாகவே அழகு. நீண்ட தாழ்வாரம், புதுப் பெயின்ட் வாசனை, பின்னால் நீலமாக மலை. விடுமுறை, ஆள் அரவமில்லை. மணி காற்றில் தானாக லேசாக ஆடியது. ஒரு மயில் மாடிப்படியில் இறங்கி, அவர்களைக் கண்டு நின்று, தலைமையாசிரியை போல ஒரு பார்வை பார்த்துவிட்டு வகுப்பறைக்குள் போனது. தெரசாவுக்குக் காலடியில் தரை இருக்கிற மாதிரியே இல்லை. ப்ளஸ் டூ வகுப்பு திறந்திருந்தது. சுவரகலத்துக்குக் கரும்பலகை. அவள் கிட்டே போய் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். குளிர்ச்சியாக இருந்தது.

அப்புறம்தான் கவனித்தாள், வகுப்பில் டீச்சருக்கு நாற்காலி இல்லை. அடுத்த வகுப்பிலும் இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை.

"உக்காந்தா தூக்கம் வந்துடும்னு எடுத்துட்டோம்மா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. தாளாளர். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, கேட்டாலே உருகுகிற குரல். "நம்ம ஸ்கூல்ல யாரும் வேலை பாக்கறதில்ல. எல்லாரும் ஒரே குடும்பம். நீங்களும் நாளையிலருந்து நம்ம வூட்டுப் பொண்ணு."

"நாளைக்கேவாங்க சார்? இப்ப லீவுதானுங்களே?"

"லீவெல்லாம் பிள்ளைங்களுக்கு" என்று சிரித்தார்.

அவர் கணக்கில் ஒரு கேள்வி கேட்கவில்லை. தொகை நுண்கணிதம் என்று அவளாக ஆரம்பித்ததையும் "அதெல்லாம் நீங்க பாத்துப்பீங்க" என்று தள்ளிவிட்டு, ஒரு குழந்தையா, இரண்டாவது எப்போது, வீட்டுக்காரர் வாரம் ஒருமுறைதானே வருவார் என்று விசாரித்தார். ஒரிஜினல் இருக்கிறதா என்று இரண்டு தரம் கேட்டார்.

ஆசிரியர் அறையில் மேசைகள் துடைத்துவிட்டது போல இருந்தன. ஒரு புத்தகம், ஒரு டம்ளர், சாமி படம் எதுவும் இல்லை. சுவர் ஆணிகளில் மட்டும் குடைகள் தொங்கின. தூசி படிந்த குடைகள். போனவர்கள் குடையைக்கூட எடுக்காமல் போயிருக்கிறார்கள் என்று தெரசா நினைத்தாள். ஒன்றில் மட்டும் தூசி இல்லை, அதன் கைப்பிடியில் சிவப்பு நூல்.

(ஆமாம், என் வீட்டு ஆணியில் தொங்குவதுதான். கையில் இருப்பதை வைத்துத்தானே சமைக்க முடியும்?)

அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"எனக்கு முன்னாடி ப்ளஸ் டூ கணக்கு யாருங்க சார் எடுத்தாங்க?"

"இருந்தாங்க ஒருத்தங்க. குடும்பத்துல கொஞ்சம் பிரச்சன."

"அதுக்கு முன்னாடிங்க?"

"என்ன டீச்சர், போலீஸ் விசாரண மாதிரி!" மறுபடி சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

6

சவுரியப்பன் மாமா விஷயத்தில் எனக்கே சங்கடம். இவ்வளவு தெரிந்தவர் எப்படி ஏமாறுவார் என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள், நானும் கேட்டேன். மனிதர் ஒன்றையும் விடவில்லை. கிணற்றில் தண்ணீர் பார்த்தார், தித்திப்பு. கொட்டகையில் மாடுகள், சுழி சுத்தம். சமையல்கட்டில் நெய் வாசனை. வீடு பார்க்கிற கணக்கில் எல்லாம் சரி. அவருடைய பாடமே வேறு, பாவம், வந்த பரீட்சை வேறு.

நாயைக்கூடப் பார்த்தார். கொழுத்த நாய். இவர்களைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. தாளாளரின் செருப்புச் சத்தம் கேட்டதும் வால் இறங்கியது, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது.

"பாத்தியா கண்ணு, எசமானுக்கு எவ்வளவு மருவாதி" என்றார் மாமா.

"அது பயம் மாமா."

"மருவாதின்னாலே கொஞ்சம் பயந்தான். எடம் எனக்குப் புடிச்சிருக்குது."

அந்த நேரம் பார்த்துத் தாளாளர் வந்தார். ஊர் வழக்கம் அவருக்கு அத்துப்படி என்று நான் இன்னும் சொல்லவில்லை அல்லவா? நியமன உத்தரவு, கையெழுத்து எல்லாவற்றையும்விட எது எங்கள் ஆட்களைக் கட்டும் என்று அவருக்குத் தெரியும்.

"மொத மொதல்ல வந்திருக்கீங்க, கை நனைக்காமப் போகக்கூடாது. எல போட்டாச்சு."

"நாங்க இன்னும் முடிவு பண்ணலைங்க" என்றாள் தெரசா.

"பெரியவங்க முடிவு பண்ணா நாம பண்ண மாதிரிதான?" தாளாளர் மாமாவைப் பார்த்தார்.

மாமாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எத்தனையோ வீடுகளில் பெண்ணைக் கேட்காமல் வாக்குக் கொடுத்த வாய். "நல்ல காரியந்தானுங்க, உக்காரலாம்" என்றுவிட்டார். தெரசா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, வேணாம் மாமா. பாத்துட்டு மட்டும் போயிடலாம்னுதான வந்தோம்." அவர் காதில் ஏறவில்லை, இலைமுன் விரித்திருந்த பாயில் உட்கார்ந்துவிட்டார்.

7

"டீச்சர்! தண்ணி கொண்டாங்க" என்று தாளாளர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

தெரசா திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் கொண்டுவர எதற்கு டீச்சர்?

ஒரு பெண் சொம்போடு வந்தாள். பருத்திப் புடவை. கழுத்தில், விடுமுறை நாளிலும், பள்ளி அடையாள அட்டை. கையில் இருப்பதை எந்நேரமும் கீழே போட்டுவிடுகிறவள் மாதிரி ஒரு படபடப்பு…

(நிறுத்துகிறேன். இந்தக் கதையில் இப்படி ஒரு ஆளை நான் வைக்கவேயில்லை. ஒரு வேலைக்காரம்மாள் வந்து பரிமாறுவதாகத்தான் திட்டம். அட்டையில் இருந்த பெயரைப் படித்தேன். அடக் கடவுளே. சசிகலா.)

நான் கோடு போட்டுவிட்டுத் தூங்கப்போன சசிகலா. கதை முடிந்துவிட்டது என்று நான்தான் நினைத்தேன். அவள் எப்படிப் போவாள்? சான்றிதழ் பீரோவில், பீரோ பூட்டியிருக்கிறது. ஒரு வருடமாக அவள் அந்தப் பக்கத்துக்குள்ளேயே இருந்திருக்கிறாள். பாடம் நடத்தியிருக்கிறாள், விட்டுப்போகிறேன் என்று கேட்டிருக்கிறாள், கேட்ட குற்றத்துக்கு வகுப்பைப் பிடுங்கி ஆபீசிலும் ஹாஸ்டல் அடுப்படியிலும் நிறுத்தியிருக்கிறார்கள். நான் எழுதாதபோதும் இதெல்லாம் நடந்திருக்கிறது.

* இங்கே ஒன்று உறைத்தது. நானும் ஒரு தாளாளர்தான். இனிக்க இனிக்கப் பேசி ஆட்களைக் கதைக்குள் கூப்பிடுகிறேன், பெயரை வாங்கிக்கொள்கிறேன், எனக்குச் சரிப்படவில்லை என்றால் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு அடுத்த ஆளுக்கு விளம்பரம் கொடுக்கிறேன். கதைக்குள் வருகிற எந்தப் பெண்ணும் முதலில் என்னிடம் கேட்க வேண்டிய கேள்வி நசீம் பானுவின் கேள்விதான்: எனக்கு முன்னால் இருந்தவள் எங்கே?

சசிகலா மாமாவின் கையில் தண்ணீர் ஊற்றினாள். அவர் கழுவி, உதறி, ஈரக் கையை இலையின் மேல் வைத்துக்கொண்டார். அடுத்து, அவர் பக்கத்தில் பாய் ஓரமாக உட்கார்ந்திருந்த தெரசா. அவள் இடது கையால் ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி வலது கையை நீட்டினாள். நீட்டாமல் இருக்க முடியவில்லை. சொம்போடு ஒருவர் எதிரே நின்றால் கை தானாக நீள்கிறது.

தண்ணீர் விழவில்லை.

சசிகலா சொம்பைச் சாய்த்தாள், விளிம்புவரை வந்த தண்ணீர் அங்கேயே நின்றது. குனிந்த தலை நிமிரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"போன வருசம் அந்தக் கிளாஸு என்னுதுங்க."

தெரசாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு எல்லாம் புரிந்தது. நசீம் பானு கேட்டாளே, வருடா வருடம் அந்த டீச்சர்கள் எங்கே போகிறார்கள் என்று. இதோ, இவள் எங்கேயும் போகவில்லை. சொம்போடு நிற்கிறாள். தெரசாவுக்கு அழுகையா கோபமா என்று தெரியாமல் கண் பொங்கியது.

"ஊத்தட்டுங்களா?" என்றாள் சசிகலா. கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

"ஊத்துங்க டீச்சர், என்ன வேடிக்க?" என்றார் தாளாளர்.

"நீட்டு கண்ணு, சோறு ஆறுது" என்றார் மாமா.

8

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) தண்ணீர் விழுகிறது. ரசம் பிரமாதம். ஃபைல் பீரோவுக்குள் போகிறது. ஜூனில் தெரசா அந்தக் கரும்பலகையில் நீண்ட கொக்கியை இழுக்கிறாள், பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை. பொங்கல் கழித்துச் சரிபார்ப்புக்கு அழைப்பு வருகிறது. பீரோச் சாவி எங்கேயோ வைத்துவிட்டதாகத் தாளாளர் சொல்கிறார். அடுத்த மே மாதம் சொம்பு தெரசாவின் கையில் இருக்கிறது.

(வேண்டாம்.)

ஆ) அவள் கையை இழுத்துக்கொள்கிறாள். "மன்னிச்சிருங்க, எனக்குப் பசியில்லைங்க" என்று ஃபைலோடு எழுந்து நடக்கிறாள். மாமா ஈரக் கையோடு எழுந்து பின்னால் ஓடிவருகிறார். தருமபுரி வரும்வரை அந்தக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வருகிறார். இறங்கும்போது, "சவுரியப்பன் கை நனைச்ச எடத்துல பொண்ணு எந்திரிச்சுப் போச்சுன்னு ஊரு பேசும். இனி எவன் என்னைய வூடு பாக்கக் கூப்புடுவான்?" என்கிறார். தெரசா மறுபடி பின்னத்துக்கே போகிறாள். சான்றிதழ் அவளிடம் இருக்கிறது. சசிகலா அங்கேயே இருக்கிறாள்.

(நியாயம்தான். ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தைத் தாண்டி எனக்குத் தூக்கம் வரவில்லை.)

இ) சசிகலா சொம்பைக் கீழே வைத்துவிட்டு, நேராகப் பீரோவிடம்…

சாவி வேண்டும். சாவி செய்வது எனக்கு ஒரு வரி வேலை. 'சாவி கதவிலேயே தொங்கியது' என்று எழுதினால் தொங்கும். ஆனால் உங்களில் யாருக்காவது அப்படி ஒருநாள் சாவி தொங்கியிருக்கிறதா? அதனால் எழுதவில்லை.

9

இனி அந்தப் பேருந்து.

முன் சீட்டில் ஒருத்தி, "கை நனைச்சிட்டேங்க டீச்சர், அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வேணாங்கறது" என்று சொன்னாள். பக்கத்தில் இருந்தவள் சொன்ன பதிலைத் தூக்கத்தில் கேட்டேனா, தூக்கத்துக்குள் கேட்டேனா என்று இன்றுவரை தெரியவில்லை. எனக்குக் கேட்டது இது:

"அப்ப எனக்கு மட்டும் ஏங்க ஊத்தாம நின்னீங்க?"

அதற்குப் பிறகு ஒரு சிரிப்பு. ஒருத்தியுடையதா, இரண்டு பேருடையதா என்று சொல்லத் தெரியவில்லை. யாரோ ஒருத்தி அவசரமாக இறங்கியதில் குடையை மறந்திருக்கிறாள். ஆனால் அந்தக் குடை பள்ளிக்கூட ஆணியை விட்டு வந்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை. இல்லாவிட்டால் என் வீட்டில் தொங்குவது எது?

கனவென்று சொல்வீர்கள். இருக்கலாம். மே மாதம், மத்தியானம், சன்னலோர சீட்டு.

10

முடிவை நான் எழுதப்போவதில்லை. தாளாளர் வேலையை இந்தப் பக்கத்தோடு விட்டுவிடுகிறேன். யாரையும் உள்ளே வைத்துப் பூட்டாமல் கதவைத் திறந்துபோட்டுவிட்டு எழுந்துகொள்கிறேன்.

ஆனால் அங்கே சசிகலாவுக்குக் கை கடுக்கிறது. சாய்த்த சொம்பை எவ்வளவு நேரம் அப்படியே பிடித்திருப்பாள்? ஒரு உதவி செய்யுங்கள். கொஞ்சம் கிட்டே வந்து அதை வாங்கிக்கொள்ளுங்கள். கனமாக இருக்கும், செம்புச் சொம்பு. தாளாளர் அவசரப்படுத்துவார், மாமா சோறு ஆறுகிறது என்பார், கண்டுகொள்ளாதீர்கள். தெரசாவின் கை உங்கள்முன் நீண்டிருக்கிறது. இன்னும் காய்ந்திருக்கிறது.

ஊற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்குமுன், உங்கள் கையையும் ஒருதரம் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரம் இருக்கிறதா?